பவிலியனும் பெயர்ப் பலகையும்

முள்ளியவளை,
ஐப்பசி 2025

அன்பின் மச்சான்,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நான் பதில் போடாமல் இருப்பதைக் கட்டையன் உனக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பான், அவனுக்கு வேறு வேலை இல்லை. விதைப்பு முடிந்தது. மழை இன்னும் மனசு வைக்கவில்லை, தண்ணிமுறிப்புக் குளத்தை நம்பி இருக்கிறோம். இரவில் பன்றிக் காவல். அக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் சவரம் எடுக்காததைப் படலையிலேயே கண்டுபிடித்து ஏசுகிறா. சின்னவன் பம்பைமடுவில் படிக்கிறான். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது உனக்குத் தெரியும்தானே, இன்னும் "வளாகம்" என்று சொன்னால் துரைக்குக் கோபம் வருகிறது. ஊர்ப்புதினம் இவ்வளவுதான். மிச்சம் முழுக்க, நம்ம பள்ளிக்கூட மைதானத்தில் கட்டப்போகிற பவிலியன்.

மகள் படித்த பல்கலைக்கழகம் விளையாட்டரங்கைப் பெருப்பிக்கக் காசு கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது, அவள் படிப்புக் கடனையே இன்னும் கட்டி முடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். "படிச்சதுக்கும் காசு, பந்து பாக்கிறதுக்கும் காசு" என்ற உன் வரியைப் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். நல்ல கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப் பேர் சந்தா கட்டாதவர்கள். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. சின்னவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனை இருத்தி வைத்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரங்கு கட்டிய கதைகளைத் தேடி எடுப்பித்து வாசிக்கிறேன். ஓய்வூதியம் எடுத்த மற்ற ஆட்கள் கோயிலுக்குப் போகிறார்களாம், மனிசி சொல்கிறா.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உதைபந்தாட்டம் என்று ஆடுவது நம்முடைய உதைபந்தாட்டமே இல்லை. முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் பாய்ந்து விழுத்துகிறார்கள். நம்ம தாடி மாஸ்டர் கண்டிருந்தால் இருபத்திரண்டு பேரையும் முழங்காலில் நிறுத்தியிருப்பார். ஆனால் அந்த விளையாட்டுக்குக் கட்டியிருக்கிற அரங்குகளைப் பார்! மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரங்கில் 1,07,000 பேருக்கு மேல் இருக்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டில் நம்ம முல்லைத்தீவு மாவட்டம் முழுக்க இருந்தவர்கள் 92,000 பேர் அளவில்தான். கொக்கிளாயிலிருந்து துணுக்காய் வரை உள்ள குஞ்சுகுருமான் எல்லாரையும் கொண்டுபோய் இருத்தினாலும் ஆசனம் மிச்சம். 1927இல் அதைக் கட்ட 9,50,000 டொலர் முடிந்ததாம். அரசாங்கத்தைக் கேட்கவில்லை, 500 டொலர்ப் பத்திரங்களாக விற்றுத்தான் காசு சேர்த்திருக்கிறார்கள்.

ஹார்வர்டில் அதற்கும் முன்பு, 1903. அங்கே 1879ஆம் ஆண்டு படித்து வெளியேறியவர்கள் தங்கள் இருபத்தைந்தாவது ஆண்டு ஒன்றுகூடலுக்கு 1,00,000 டொலர் சேர்த்துக் கொடுத்ததில்தான் அரங்கு எழுந்தது. நம்ம வகுப்பு ஒன்றுகூடலில் என்ன கொடுத்தோம் என்று நினைவிருக்கிறதா? பிளாஸ்டிக் கதிரைகள். அவற்றில் சில இன்றைக்கும் கட்டையன் வீட்டு முற்றத்தில் இருக்கின்றன. கேட்டால், பாதுகாப்புக்காக வைத்திருக்கிறானாம்.

இப்போது அங்கே இன்னொரு முறை இருக்கிறது. நல்ல இடத்தில் ஆசனம் வேண்டும் என்றால் முதலில் நன்கொடை கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆசனம் கிடைக்காது, ரிக்கெட் வாங்குகிற உரிமை கிடைக்கும். ரிக்கெட்டுக்கு வேறு காசு. அந்த நன்கொடையில் 80 வீதத்துக்கு வரிச்சலுகையும் இருந்ததாம், 2017இல் வந்த சட்டம்தான் அதை நிறுத்தியது. உன் மகளிடம் கேள், அவளுக்கு வந்த கடிதத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் இப்படி ஏதாவது இருக்கும்.

எல்லாவற்றையும் வெட்டியது ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம். இதை நின்றுகொண்டு வாசிக்காதே, இருந்து வாசி. அங்கே நிலவியல் படித்து எண்ணெயில் பணக்காரரான பூன் பிக்கன்ஸ் 2005 முடிவில் 165 மில்லியன் டொலர் கொடுத்தார். அரங்குக்கு ஏற்கெனவே அவர் பெயர்தான். அதோடு திருப்திப்படாமல் 2007இல் ஒரு திட்டம் போட்டார்கள். வயது 65க்கும் 85க்கும் இடைப்பட்ட 27 ஆதரவாளர்களைப் பிடித்து, ஆளுக்கு 10 மில்லியன் டொலருக்கு ஆயுள் காப்புறுதி. ஆள் செத்தால் காசு பல்கலைக்கழகத்துக்கு! கடன்பட்டுத் தவணை கட்டிக் காத்திருந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. இரண்டு வருடம் பார்த்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டு, காப்புறுதிக் கம்பனிமேல் வழக்குப் போட்டு, வழக்கிலும் தோற்றார்கள்.

இதைக் கூட்டத்தில் சொன்னதும் சோடாமூடி எழும்பி, "அப்ப எங்கட சங்கத்தில ஆரைப் போடலாம்?" என்று கேட்டான். எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். கொலஸ்ரரோல் மாத்திரையை ஒழுங்காகப் போடு.

நீயும் நானும் கன்னங்கராவின் புண்ணியத்தில் பல்கலைக்கழகம் வரை கட்டணம் கட்டாமல் படித்தவர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அத்தனை வருடம் குந்தியிருந்தும், அந்த வளாகத்துக்கு ஒரு செங்கல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே இல்லை. அது அரசாங்கத்தின் வேலை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கு என்றால் உருகிவிடுகிறோம். அமெரிக்காவில் பல்கலைக்கழகம்தான் அவர்களுடைய ஊர் போல. நமக்கு ஊர் என்றால் பள்ளிக்கூடமும் கோயிலும்தான். அதனால்தான் கோயிலில் நடக்கிற கூத்தெல்லாம் மைதானத்துக்கும் வந்து சேருகிறது. மின்விசிறிக்கு உபயம் கொடுத்தவர் பெயரை அதன் இறகிலேயே எழுதி, அது சுழலும்போது ஒருவராலும் வாசிக்க முடியாமல், வாசிக்க வேண்டும் என்பதற்காக விசிறியை நிறுத்தி வைத்த ஆட்கள் அல்லவா நாங்கள்?

சரி, பவிலியன். சூட்கேஸ் சுவிஸிலிருந்து பேசினான். கட்டடச் செலவில் பெரும்பகுதியைத் தான் ஒருவனே தருகிறானாம். கொந்தராத்துக்காரனோடும் பேசிவிட்டான். ஒரேயொரு நிபந்தனை, முகப்பில் அவனுடைய ஐயாவின் பெயர். எழுத்தின் உயரம் உட்படச் சொல்லிவிட்டான். ஐயா யார்? நம்ம பந்து அவருடைய வேலிக்குள் விழுந்தால் நாயை அவிழ்த்துவிட்ட அதே அரிசி ஆலை ஐயா! எத்தனை பந்தைக் கத்தியால் குத்தித் திருப்பி எறிந்தார் மனிதர்! இனி அந்த மைதானத்தில் ஒருவன் கோல் அடித்தால் அவருடைய பெயரைப் பார்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

வேண்டாம் என்று ஒரே அடியாகச் சொல்லவும் முடியாது. கல்வி வலயத்தில் கேட்டால் காசு இல்லை என்கிறார்கள். மாரி பிறந்தால் மைதானம் குளம். பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க அந்தப் பழைய வாகைமரம்தான். 2009க்குப் பிறகு மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்று, கண்ணிவெடி எடுத்து முடித்த பிறகே நம்மை உள்ளே விட்ட மண் அது. அந்த மண்ணில் ஒரு கூரை எழும்பும் என்றால் யார் காசாக இருந்தால் என்ன என்று அதிபர் கேட்கிறார். நியாயம்தான். ஆனால் மேசன் ஒருவர் வந்து, "என்னட்டக் காசில்லை, ஒரு நாள் வேலை எழுதிக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தையில் மீன் விற்கிற மனிசி தந்த தாள்களில் செதில் ஒட்டியிருந்தது. பற்றுச்சீட்டு எழுதினேன். அவர்களுடைய காசும் அந்தச் சுவருக்குள்தானே போகிறது.

அப்போதுதான் இலினோய் கதை கண்ணில் பட்டது. அங்கே ஆயிரக்கணக்கான மாணவர்களும் பழைய மாணவர்களும் கொடுத்த காசில் 1923இல் ஓர் அரங்கு கட்டினார்கள். இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். முதலாம் உலகப் போரில் இறந்த அந்தப் பல்கலைக்கழகத்து ஆட்களின் பெயர்கள் தூணுக்கு ஒன்றாகச் செதுக்கியிருக்கிறது. காசு கொடுத்தவர்களின் பெயரை அரங்குக்கு வைக்கவில்லை. நூறு வருடம் அது வெறும் நினைவரங்கு என்றே இருந்தது. இந்த வருடம் செப்டெம்பரில் லாரி கீஸ் என்ற பழைய மாணவர் 100 மில்லியன் டொலர் கொடுத்தார். இராணுவத்தில் இருந்த அவருடைய தகப்பனின் பெயர் இப்போது முன்னால் வந்துவிட்டது. சூட்கேஸுக்கு இதைச் சொல்லிவிடாதே.

தூண்களைப் பற்றிச் சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிட்டது. நாமும் அப்படிச் செய்வோம், நம்ம அணியில் விளையாடி இன்றைக்கு இல்லாதவர்களின் பெயர்களைச் சுவரில் பதிப்போம் என்று இளம் ஆசிரியர் ஒருவர் சொன்னார். அங்கேயே கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார்கள். பெயர்கள் வரவரப் பக்கம் நிறைந்தது. அதைப் பற்றி உனக்கு எழுதத் தேவையில்லை. வௌவாலின் பெயர் வந்தபோது, அம்மாவிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வோம் என்று நான் சொன்னேன்.

அடுத்த நாள் போனேன். வயது போய்விட்டது, ஆனால் நினைவு தெளிவு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் தொடங்கிய காலத்திலிருந்து, உடம்பு கேட்கிற நேரமெல்லாம் பஸ் ஏறிப் போய் அந்தத் தாய்மாரோடு இருந்தவ. பையிலிருந்து படத்தை எடுத்துக் காட்டினா. லமினேற் செய்த படம். ஒரு மூலை பிரிந்து, உள்ளே மழைத்தண்ணீர் போய் மஞ்சள் கறை. இடப்பெயர்வில் வேறு படம் ஒன்றும் மிஞ்சாததால், நீ கனடாவிலிருந்து அனுப்பிய அணிப்படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் பக்கத்தில் நின்றவனின் தோளும் கொஞ்சம் தெரிகிறது. அது உன்னுடைய தோள், மச்சான். இத்தனை வருடமாக அவவோடு ஊர்வலம் போகிறாய்.

விஷயத்தைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "தம்பி, செத்தவையின்ர பேரோட அவன்ர பேரைப் போடாதையுங்கோ. நாளைக்கு வந்து நிண்டு ஏனம்மா விட்டனி எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றா. பிறகு தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டா.

இலினோய்க்காரர்களுக்குத் தங்களுடைய பட்டியல் முடிந்துவிட்டது என்று தெரியும். நமக்கு முடியவில்லையே. யார் இல்லை, யார் எங்கே என்று எழுதுவதற்கு நான் யார்? அப்படி எழுதினால் வேறு கேள்விகளும் வரும், எங்கிருந்து வரும் என்று உனக்குத் தெரியும். அதைவிட அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

திரும்பி வரும்போது தோன்றியதை இப்போது உனக்குச் சொல்கிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. காசு கொடுத்தவர்களின் பெயரும் வேண்டாம், இறந்தவர்கள் என்று ஒரு பட்டியலும் வேண்டாம். வருடம் வருடமாக அணியை மட்டும் எழுதுவோம். 1983 அணி: கோல் காப்பாளர் இன்னார், புல்பெக் இன்னார், இடது விங் நீ. இருக்கிறவன், இல்லாதவன், தேடப்படுகிறவன், டொரொண்டோவில் தொப்பை வளர்க்கிறவன் எல்லாரும் ஒரே வரிசையில். பக்கத்தில் குறிப்பு ஒன்றும் இல்லை. இனி விளையாடப் போகிற பிள்ளைகளுக்கும் கீழே இடம் விடுவோம். வௌவாலின் அம்மாவிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். "பந்தடிச்சவன் எண்டுதானே? போடுங்கோ" என்று சொல்லிவிட்டு, அவனுடைய முழுப் பெயரையும் முதலெழுத்தோடு தானே கொப்பியில் எழுதித் தந்தா.

சூட்கேஸை நீதான் பார்க்க வேண்டும். எங்களோடு பேசினால் அவன் பெரிய மனிசன் ஆகிவிடுகிறான், உன்னோடு பேசும்போது மட்டும் பழைய ஆள். அவனும் 1983இல் மாற்று ஆட்டக்காரனாக வாங்கில் குந்தியிருந்தவன், அந்த வரிசையில் அவனுடைய பெயரும் வரும் என்று சொல். ஐயாவுக்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்றால், பந்து வாங்குவதற்கு என்று வங்கியில் ஒரு தொகையைப் போட்டு அதற்கு அவர் பெயரை வைக்கலாம். அந்த மனிதரிடமிருந்து இந்த ஊருக்குப் பந்துக்கடன் நிறைய வரவேண்டியிருக்கிறது. இதற்கும் மசியாவிட்டால் வற்றாப்பளைப் பொங்கலில் நடந்த சோடாப் போத்தல் கதை இன்னும் என் மனிசிக்குத் தெரியாது என்பதை மெல்ல நினைவூட்டு.

காசு குறையும். குறையட்டும், தட்டு வாரியாகக் கட்டுவோம். கூரை முதலில், படிக்கட்டு பிறகு. உன் பங்கை நான் கேட்கப் போவதில்லை, கட்டையன் கேட்பான்.

எனக்கு வேண்டியது பெயர்கள். பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடு ஒன்றும் இல்லை. 1981, 82, 84 அணிகளில் யார் யார் என்று நினைவில் உள்ளதெல்லாம் எழுதி அனுப்பு, பட்டப்பெயர் மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, இங்கே விசாரித்துக்கொள்வோம். உன்னிடமுள்ள மூலப் படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார். பின்வரிசையில் கடைசியில் முழங்காலில் துணி கட்டிக்கொண்டு நிற்கிறானே, லெப்ட் பெக், ஒட்டுசுட்டானிலிருந்து சைக்கிளில் வருகிறவன். நான்கு பேரிடம் கேட்டுவிட்டேன். நாலு பேரும் "ஓடக்கரை" என்கிறார்கள், சொந்தப் பெயர் ஒருவருக்கும் வரவில்லை. தாடி மாஸ்டர் டாப்புக் கூப்பிடும்போது நீதான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாய். யோசித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய சென்டர் ஹாவ்