காதுக் கவசத்தைக் கழற்றச் சொல்லாதீர்கள்

எங்கள் மாவட்டத்தில் மல்யுத்தப் போட்டிகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும் நடுவர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஜூனியர் அணித் தேர்வில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மேட் என்கிற மல்யுத்த மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்தான். என் மாணவன் காதுக் கவசத்தோடு ஏறினான். "அதெல்லாம் விதியில கிடையாது, கழட்டிட்டு வா" என்றார் நடுவர். பக்கத்திலிருந்த ஒருவர் "காது உடைஞ்சாத்தான்டா பயில்வான்" என்று சேர்த்துக்கொண்டார். பையனுக்கு 14 வயது, பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளை. கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நானும் வாங்கிப் பைக்குள் வைத்தேன். பேசினால் தேர்விலிருந்தே நீக்கிவிடுவீர்களோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அன்று பேசாததைத்தான் இன்று எழுதுகிறேன்.

இரண்டாவது சுற்றில் கழுத்துப் பிடியிலிருந்து தலையை உருவும்போது வலது காது நன்றாக நசுங்கியது. ஜெயித்துவிட்டுத்தான் இறங்கினான். மறுநாள் காலையில் காதின் மேல்பாதி பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. தொட்டால் சுட்டது. அவன் அம்மாவும் நானும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் ஊசி போட்டுக் கருஞ்சிவப்பாக ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார். காது அமுங்கியதும் எங்களுக்கு மூச்சு வந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் நிறைந்துவிட்டது. இந்த முறை சின்னதாகக் கீறி, காதுக்கு முன்னும் பின்னும் பஞ்சுருளை வைத்து, காதையே ஊடுருவித் தைத்தார்கள். பையன் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான், விட்டபோது அவன் நகம் பதிந்த தடம் நான்கு இருந்தது. காலாண்டுத் தேர்வை அந்தப் பஞ்சோடுதான் எழுதினான். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் பத்து நாள் தூங்கவில்லை.

அவன் அம்மா காலையில் இட்லிக் கடை போடுகிறவர். சீட்டுப் பணம் எடுத்தபோது 1,400 ரூபாய் கொடுத்து அந்தக் கவசத்தை வாங்கித் தந்தவர் அவர்தான். உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "காசு குடுத்து வாங்கினது பைக்குள்ளயே இருந்துச்சே சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

காது உடைவதைப் பதக்கம் மாதிரி பேசுவது நம் கோதாக்களில் பழைய வழக்கம். எனக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த வஸ்தாதும் அப்படித்தான் பேசினார். எனக்கும் இடது காது உடைந்த காதுதான். இயர்போன் நிற்காது. தலைக்குக் குளித்தால் மடிப்புக்குள் தேங்கும் தண்ணீரைத் துணி முனையைத் திருகி விட்டுத்தான் எடுக்க வேண்டும். 19 வயதில் அது பெருமையாக இருந்தது. இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெருமை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

காதுக் குருத்தெலும்புக்குத் தனியாக ரத்த ஓட்டம் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். அடியிலோ உரசலிலோ சவ்வு பிரிந்து நடுவில் ரத்தம் கட்டினால் குருத்தெலும்பு பட்டினி கிடந்து சாகும். சில நாட்களுக்குள் ரத்தத்தை எடுக்காவிட்டால் அது கெட்டித்து, காலிஃப்ளவர் மாதிரி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதைத்தான் காது உடைவது என்கிறோம். அப்புறம் கத்தி வைத்தால்தான் சரியாகும். இதற்கும் வீரத்துக்கும் என்ன சம்பந்தம்?

விதி என்று சொன்னீர்கள். உலக மல்யுத்த அமைப்பின் விதிப் புத்தகத்தைத் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அமைப்பு ஏற்றுக்கொண்ட, உலோகமோ கெட்டி ஓடோ இல்லாத காதுக் கவசத்துக்கு அதில் அனுமதி இருக்கிறது. முடி மிக நீளமாக இருந்தால் கவசம் போடச் சொல்லி நடுவரே கட்டாயப்படுத்தலாம் என்றும் இருக்கிறது. என் மாணவன் போட்டிருந்தது மெத்தென்ற கவசம். உள்ளே கெட்டியாக எதுவும் கிடையாது. கையில் வாங்கி அமுக்கிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் போட்டி என்றால் காதுக் கவசம் இல்லாமல் மேட்டில் ஏறவே முடியாது. அந்த நாட்டில் கவசம் இப்படிப் பரவியதற்குப் பின்னால் கிளிஃப் கீன் என்ற ஒரு பயிற்சியாளரின் உழைப்பு பெரிது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1925 முதல் 1970 வரை, 45 வருஷம் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர். எத்தனை காது உடைந்து பார்த்திருப்பார்! உடைந்தால்தான் வீரன் என்று அவரும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் பிள்ளைகளின் காதை மூடுவதற்கு வழி தேடினார். இரண்டு காதுக்கும் கிண்ணம், அவற்றைத் தலையோடு இழுத்துக் கட்ட வார் என்று தலைக்கவசம் வடிவமைத்தார். 1958இல் ஆன் ஆர்பர் நகரில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். அவர் 1991இல் இறந்தார், குடும்பத்தார் தொழிலைத் தொடர்ந்தார்கள். காசுக்காக விளையாடாத பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள்தான் அந்தக் கம்பெனியின் முக்கியமான வாடிக்கையாளர்கள். வியாபாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேட்டின் ஓரத்தில் நின்று பிள்ளைகளின் காதைப் பார்த்த ஒருவர் தொடங்கிய வியாபாரம். நாமும் அதே ஓரத்தில்தான் நிற்கிறோம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு வந்ததைக் கழற்றச் சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எழுத உட்கார்ந்தால் மற்றதும் வருகிறது. அந்த மேட்டின் உறை மூன்று இடத்தில் கிழிந்து, பார்சல் டேப் ஒட்டிக் கிடக்கிறது. டேப்பின் விளிம்பு பிள்ளைகளின் முழங்காலைச் சிராய்க்கிறது. ஒரு நாள் பயிற்சி முடிந்தால் மேட்டை மருந்து போட்டுத் துடைக்க ஆள் இல்லை, படர்தாமரை ஒருவனிடமிருந்து ஒருவனுக்குத் தாவுகிறது. பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஓர் அறை கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது, அந்த அறையில் இன்னும் பழைய நாற்காலிகள்தான் அடுக்கியிருக்கின்றன. மாநிலப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் ராத்திரி முழுக்க முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே போய், காலையில் எடை பார்க்க ஏறுகிறார்கள். பதக்கம் வாங்கி வந்தால் மட்டும் மாலையோடு படம் எடுக்க எல்லாரும் வருகிறீர்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் நேரில் வந்து தனியாகப் பேசுகிறேன். இன்று கேட்பது ஒன்றுதான்: விதிக்கு உட்பட்ட காதுக் கவசத்தோடு வரும் பிள்ளையைக் கழற்றச் சொல்லாதீர்கள். அதை ஒரு தாளில் எழுதி எடை பார்க்கும் மேசையில் ஒட்டுங்கள், எல்லா நடுவருக்கும் தெரியட்டும். முடிந்தால் சங்கச் செலவில் பத்துக் கவசம் வாங்கி வையுங்கள். வாங்க வசதியில்லாத பிள்ளைகள் போட்டியன்று எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். பத்தும் சேர்ந்து மேட்டின் புது உறை விலைகூட வராது.

பையனுக்குப் போன வாரம் தையல் பிரித்தார்கள். மேல் மடிப்பில் லேசாக ஒரு தடிப்பு தங்கிவிட்டது, அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாத அணித் தேர்வுக்கு அவன் கவசத்தோடுதான் வருவான். இந்த முறை நானும் அவன் பக்கத்திலேயே நிற்பேன், விதிப் புத்தகம் கையில் இருக்கும். தயவுசெய்து அவனை அப்படியே ஏற அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளுக்கு வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டிவரும் பயிற்சியாளர்