அப்பாவிடம் ஒரு கேள்வி

எடின்பரோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். இங்கே பின்னேரம் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. "அங்கே அப்படி என்னதான் படிக்கிறாய்?" என்று போன கிழமை கேட்டீர்கள். தொலைபேசியில் சரியாகச் சொல்ல வரவில்லை.

எறும்பைப் படிக்கிறேன், அப்பா. சகாரா பாலைவனத்து எறும்பு. இரை தேடி வளைந்து வளைந்து நூறு மீற்றருக்கு மேல் போகும்; இரை கிடைத்ததும் நேர்கோட்டில் புற்றுக்கு ஓடும். நம் முற்றத்து எறும்புபோல் வாசனைத் தடம் பிடித்து வருவதில்லை. வானத்து ஒளியில் நம் கண்ணுக்குப் பிடிபடாத ஓர் ஒழுங்கு உண்டு. திசையை அதில் பார்க்கிறது. தூரத்தைக் காலடிகளால் அளக்கிறது. 2006இல் சில ஆய்வாளர்கள், எறும்பு இரையை அடைந்தபின் அதன் கால்களில் பன்றி மயிரை ஒட்டி நீளமாக்கினார்கள். புற்றைத் தாண்டிப் போய்த் தேடியது. கால்களைக் குறுக்கியபோது பாதி வழியிலேயே நின்று தேடியது. அந்த எறும்பை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கேட்பதில்லை.

தேனீயும் இப்படித் திசையையும் தூரத்தையும் கணக்கிட்டு வீடு திரும்பும். அதன் மூளையில் ஏறத்தாழ 10 இலட்சம் நரம்பணுக்கள். நமக்கு 8,600 கோடி. அந்தச் சிறு மூளை வீட்டுத் திசையைக் கணக்கிடும் விதத்தை இந்த நகரத்து ஆய்வாளர்களும் சுவீடனின் லண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2017இல் கணினி நரம்பு வலையமைப்பாக எழுதிக்காட்டினார்கள். செயற்கைக்கோள் சமிக்ஞை எட்டாத இடத்திலும் ஒரு சிறு இயந்திரம் தானாக வீடு திரும்ப இது உதவும். நானும் சக்கரங்களில் ஓடும் ஒரு வண்டியில் இதையே முயல்கிறேன்.

என் வண்டி தானாக ஓடினால் ஓரளவு சரியாகத் திரும்புகிறது. இடையில் தூக்கி வேறிடத்தில் வைத்தால், வைத்ததே தெரியாமல் பழைய கணக்கில் ஓடுகிறது. எறும்பும் அப்படித்தான்.

அப்போதுதான் உங்கள் நினைவு வந்தது. அந்த மார்கழியில் நீங்கள் மீன்பிடிக்கப் போனபோது மழை மூடித் திருகோணமலைச் சுவாமி மலையே தெரியாமல், ஜீ.பீ.எஸ். கருவியும் நனைந்து நின்றுபோன இரவு, நேரே திருக்கடலூர்க் கரையில் வந்து ஏறினீர்கள். அம்மா கோணேசருக்கு நேர்த்தி வைத்ததைச் சொல்வார். நீங்கள் வந்த விதத்தை ஒருநாளும் சொன்னதில்லை. எறும்பைத் தூக்கி வைப்பதுபோல நீரோட்டம் உங்கள் வள்ளத்தை இழுத்திருக்குமே! எந்தப் பக்கம், எவ்வளவு இழுத்தது என்று எதை வைத்து அறிந்தீர்கள்? அலை வள்ளத்தில் மோதிய விதமா, காற்றா, வலைக்கயிறு சாய்ந்த சாய்வா?

ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறேன். "அதெல்லாம் பழக்கம்" என்று முடித்துவிடாதீர்கள். ஆறுதலாகச் சொல்லுங்கள், கொப்பியோடு இருப்பேன்.

அன்பு மகன்