புயல் காற்றை யார் அளந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

'மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்று' என்று செய்தி போடுகிறீர்கள், சரி, நடுக்கடலில் அதை அளந்தது யார் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? பெரும்பாலும் அது மேகப் படத்தின் வடிவத்தைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான்.

ரேடார் செயற்கைக்கோள் அப்படியில்லை. காற்று கடல்மேல் எழுப்பும் சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகளில் பட்டுத் திரும்பும் நுண்ணலையின் வலிமையிலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது, இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஆனால் சிதறல்மானி என்ற வகை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலப் பரப்பின் சராசரியைத்தான் தரும், புயல் கண்ணைச் சுற்றி மெல்லிய வளையமாக வீசும் உச்சக் காற்று அதில் கரைந்தே போய்விடும் (கனமழையும் சேர்ந்து குழப்பும்). 2014-இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-1ஏ-யில் உள்ளது போன்ற செயற்கைத் துளை ரேடார்களோ (நகர்ந்தபடியே பெறும் பல எதிரொலிகளைச் சேர்த்து நுணுக்கமான படம் எடுப்பவை) சுமார் 1 கிலோமீட்டர் நுணுக்கத்தில் அந்த வளையத்தையே பிடித்துவிடுகின்றன. என்ன, நாம் நினைத்த நேரத்தில் புயலுக்கு மேலே வராது.

அப்புறம் இன்னொன்று. நீங்கள் போடும் வேகம் எத்தனை நிமிடக் காற்றின் சராசரி, ஒரு நிமிடமா, 3 நிமிடமா, 10 நிமிடமா? அதையும் போடுங்கள், ஒரே புயலுக்கு மூன்று எண்களைப் படித்துவிட்டு விழிக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்