பில்லில் ஒரு திகதி எழுதிக்கொடுங்கள்

கொழும்பில் பாவித்த போன் விற்கும் முதலாளிமாருக்கு,

வணக்கம். நானும் உங்கள் தொழில்காரன்தான். வெள்ளவத்தையில் போன் திருத்துகிறேன். உங்களில் சிலரோடு புறக்கோட்டையில் நின்று தேநீர் குடித்த பழக்கமும் உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன கிழமை ஓர் அன்ரி வந்தார், போனில் சார்ஜ் நிற்கவில்லை என்று. பற்றரியை மாற்றிவிட்டு செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பாதுகாப்பு அப்டேட் என்ற வரியில் 2019 ஆகஸ்ட் என்று இருந்தது. அப்டேட் தேடினால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பச்சை அடையாளம் காட்டுகிறது. வாங்கி மூன்று மாதம்தானாம். வங்கி அப், மகன் அனுப்பும் காசு, பேரப்பிள்ளைகளின் படம் எல்லாம் அதற்குள்தான்.

அந்தத் திகதியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏனென்றால் 2019 அக்டோபரில்தான் ஆண்ட்ராய்டில் பைண்டர் குறைக்குத் திருத்தம் வந்தது. அப்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு கர்னலுக்குள், அதாவது போனை இயக்கும் மென்பொருளின் மையப் பகுதிக்குள், இருக்கும் பாதைதான் பைண்டர். அதில் விடுவித்துவிட்ட நினைவகத்தை கர்னல் மறுபடியும் தொட்டது. நம்ம ஊரில் வாடகைக்கு விடும் அனெக்ஸை நினைத்துப் பாருங்கள். குடியிருந்தவர் காலி செய்துவிட்டார், விலாசம் மட்டும் பழைய கொப்பியில் கிடக்கிறது. அந்த இடத்தில் கள்ளன் குடிவந்தது தெரியாமல் கர்னல் அதே விலாசத்துக்குப் போய், அவன் வைத்ததைத் தன்னுடையது என்று நம்பிவிடுகிறது. சாதாரண அப் ஒன்று முழுப் போனுக்கும் எஜமான் ஆவது இப்படித்தான். அனுமதி கேட்கும் பெட்டி ஒன்றும் திரையில் வராது.

இதில் என்னை வருத்துவது வேறு. இந்தக் குறையை 2017 நவம்பரிலேயே சிஸ்காலர் என்ற சோதனைக் கருவி பிடித்துவிட்டது. 2018 தொடக்கத்தில், ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கர்னலில் திருத்தியும் விட்டார்கள். ஆனால் ஆண்ட்ராய்டின் மாதாந்தப் பாதுகாப்பு அறிவிப்பில் அது சேரவில்லை. அதனால் ஏற்கெனவே விற்ற பல போன்களுக்குத் திருத்தம் போகவேயில்லை. 2019இல் கூகுளின் புரொஜெக்ட் சீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் அதை மறுபடியும் கண்டுபிடித்தபோது, ஆட்கள் அதை உண்மையான தாக்குதலுக்கே பாவித்துக்கொண்டிருந்தார்கள்.

புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான நிரல் மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் இப்படியான நினைவகக் குறைகளின் பங்கு 2019இல் 76 வீதமாக இருந்து 2024இல் 24 வீதமாக இறங்கியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அப்டேட் நின்றுபோன போனுக்கு அதனால் என்ன பலன்?

விலை குறைந்த போன் வேண்டும் என்றுதான் சனம் வருகிறது, எனக்கும் தெரியும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதுப்போன் வாங்க எத்தனை பேரால் முடிகிறது? பழைய போனை விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விற்கும்போது அந்தத் திகதியைத் திறந்து காட்டுங்கள், பில்லிலும் எழுதுங்கள். நிறம், ஜிபி, ஐஎம்ஈஐ எல்லாம் எழுதுகிறோமே, அதோடு ஒரு வரி. இனி அப்டேட் வராத போன் என்றால் அதையும் வாயால் சொல்லுங்கள். வங்கி அப் போடப்போகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று போன் நிறுவனங்கள் சொல்லியே ஆகவேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த அன்ரியின் போனிலிருந்து வங்கி அப்பை அவர் சம்மதத்தோடு எடுத்துவிட்டேன். தெரியாத இடத்திலிருந்து எந்த அப்பும் போடவேண்டாம் என்றும் சொன்னேன். "கடையில் ஒருத்தரும் சொல்லேல்லையே தம்பி" என்றார்.

உங்கள் கடைப் பொடியன்களுக்கு இதைக் காட்டிக்கொடுக்க வேண்டுமானால் சொல்லுங்கள். போயா நாளில் மேசையை மூடிவிட்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு போன் திருத்துநர்