கூடிசன் பார்க்கின் தூண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய கால்பந்து மைதானங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், லிவர்பூல் நகரத்தில் எவர்ட்டன் கால்பந்து கிளப்பின் மைதானமான கூடிசன் பார்க்குக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. தூண்கள் மறைக்கும், இட நெருக்கடி, காலாவதியான கட்டடம், இப்போது இடித்துவிட்டார்கள் என்று நான்கு விஷயங்களைச் சொல்லி அந்தப் பத்தி முடிந்துவிடுகிறது. நான்காவது தவறு. மற்ற மூன்றும் உண்மைதான், ஆனால் ஏன் அப்படி என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அந்த மைதானம் வெறும் பழைய இரும்பாகத்தான் தெரியும்.

எவர்ட்டன் கிளப் 1884 முதல் 1892 வரை ஆடிவந்தது ஆன்ஃபீல்டில். ஆம், இன்று லிவர்பூல் அணியின் கோட்டையாக இருக்கும் அதே ஆன்ஃபீல்டுதான். அங்கே கிளப்பின் தலைவரும் நிலத்துக்குப் பொறுப்பானவரும் ஒருவரே, ஜான் ஹூல்டிங் என்ற பீர் ஆலை முதலாளி. வருட வாடகை 100 பவுண்டிலிருந்து 250 பவுண்டுக்கு ஏறியதும் உறவு முறிந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஜார்ஜ் மேஹனின் தலைமையில் வெளியேறினார்கள். காலியான ஆன்ஃபீல்டுக்காக ஹூல்டிங் புதிதாகத் தொடங்கிய அணிதான் லிவர்பூல் எஃப்.சி. எவர்ட்டன்காரர்கள் ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கத்தில் மியர் கிரீன் என்ற நிலத்தை 8,090 பவுண்டுக்கு விலைக்கே வாங்கினார்கள். அதுதான் கூடிசன் பார்க் ஆனது. வாடகையால் பட்ட பாடு அப்படி.

நிலத்தைச் சமப்படுத்திய கணக்குகூட இன்றுவரை இருக்கிறது. 29,471 சதுர கெஜம், கெஜத்துக்கு நாலரை பென்னி, மொத்தம் 552 பவுண்டு. தலா 4,000 பேருக்கான இரண்டு திறந்த கேலரிகள், 3,000 பேருக்கான கூரை போட்ட கேலரி ஒன்று. 1892 ஆகஸ்ட் 24 அன்று திறப்பு விழா. அன்று கால்பந்து ஆட்டமே கிடையாது. ஓட்டப் பந்தயம், பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை. இரண்டே ஆண்டில், 1894இல், எஃப்.ஏ. (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம்) கோப்பை இறுதிப்போட்டி அங்கே நடந்தது.

நிலம் சொந்தம்தான், ஆனால் சுற்றிலும் தெரு. ஒருபுறம் கூடிசன் ரோடு, எதிர்ப்புறம் புல்லென்ஸ் ரோடு, ஒரு கோலுக்குப் பின்னால் க்ளாடிஸ் ஸ்ட்ரீட், நான்காவது பக்கம் பார்க் எண்ட். தெருக்களில் ஒன்றோடொன்று சுவர் ஒட்டிய செங்கல் வீடுகள். கூட்டம் பெருகப் பெருக, கேலரியைப் பின்னால் நகர்த்த வழியில்லை, மேலேதான் ஏற்ற வேண்டும். 1907இல் பார்க் எண்ட், 1909இல் கூடிசன் ரோடு, 1926இல் புல்லென்ஸ் ரோடு, 1938இல் க்ளாடிஸ் ஸ்ட்ரீட் என்று ஒவ்வொரு பக்கமாக இரண்டடுக்கு கேலரி எழுந்தது. நான்கு பக்கமும் இரண்டடுக்கு என்ற நிலையை இங்கிலாந்தில் முதலில் அடைந்தது கூடிசன்தான். க்ளாடிஸ் ஸ்ட்ரீட்டுக்காகத் தெருவோர வீடுகளை வாங்கி இடிக்க வேண்டியிருந்தது. குடியிருந்த ஒருவர் காலி செய்ய மறுத்ததில் வேலை இழுத்துக்கொண்டே போனது.

இனி தூண்கள். இவற்றில் பெரும்பகுதி ஆர்ச்சிபால்ட் லீச் என்ற கிளாஸ்கோ பொறியாளரின் வேலை. தொழிற்சாலைக் கட்டடங்களில் தொடங்கியவர். 1902இல் அவர் வடிவமைத்த ஐப்ராக்ஸ் மைதானத்தில் மரப்பலகைத் தளம் உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பார்வையாளர்கள் நிற்கும் படிக்கட்டுகளுக்கு மண்மேடும் கான்கிரீட்டும், மேலடுக்குக்கு எஃகுச் சட்டமும் என்பது அவர் வழக்கமாயிற்று. மேலடுக்கின் எடை, கூரையின் எடை, கூரையைத் தூக்கப் பார்க்கும் காற்றின் விசை எல்லாம் அந்தத் தூண்கள் வழியாகத்தான் தரைக்கு இறங்குகின்றன.

தூணே இல்லாமல் கட்ட கேண்டிலீவர் முறை உண்டு. ஆனால் முன்னால் அந்தரத்தில் நீளும் உத்தரத்தைப் பின்பக்கம் ஆழமாக இழுத்துப் பிடிக்க வேண்டும், அதற்குப் பின்னால் இடம் வேண்டும். புல்லென்ஸ் ரோடு கேலரியின் பின்சுவரைத் தாண்டினால் நடைபாதை. பார்வை மறையாமலிருக்க மேலடுக்கையும் பின்னுக்குத் தள்ளி உயர்த்தியாக வேண்டும். மேலே இருப்பவர் ஆடுகளத்தைவிட்டு வெகுதூரம் போய்விடுவார். தூணை ஏற்றுக்கொண்டதால்தான் மேலடுக்கைக் கீழடுக்கின் தலைக்கு மேலேயே முன்னுக்கு இழுக்க முடிந்தது. கூடிசனின் சத்தம் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குக் காரணம், ஆட்களும் தாழ்ந்த கூரையும் கோட்டுக்கு அவ்வளவு அருகில் இருந்ததுதான்.

நஷ்டமும் இருந்தது. கீழடுக்கின் பின்வரிசைகளில் உட்கார்ந்தால் மேலடுக்கின் அடிப்பகுதி கண்ணுக்கு மேலே கூரைபோல் வந்துவிடும். கோல்கீப்பர் உயர அடித்த பந்து மறைந்து, இறங்கும்போதுதான் தெரியும். கதவிடுக்கு வழியே தேர் பார்ப்பது மாதிரி. ஆனால் தூண் பெரிய பிரச்சினையானது பிற்பாடுதான். கீழே நின்று பார்த்த காலத்தில், தூண் மறைத்தால் ஒரு அடி நகர்ந்துகொண்டார்கள். ஹில்ஸ்பரோ மைதான நெரிசல் சாவுகளை விசாரித்து 1990இல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பின் பெரிய கிளப்புகளின் மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்றானது. நாற்காலி தரையோடு போல்ட் போட்டது. தூணுக்குப் பின்னால் சீட்டு விழுந்தால் 90 நிமிடமும் அதே தூண்தான். 1948 செப்டம்பர் 18 அன்று லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தில் 78,299 பேரைக் கொண்ட மைதானத்தின் கொள்ளளவு, கடைசியில் 39,000 சொச்சமாகச் சுருங்கியதற்கும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்ற இந்த விதியே முக்கியக் காரணம்.

கட்டுரையில் உள்ள படத்துக்கு 'மெயின் ஸ்டாண்ட்' என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். மேலடுக்கின் முகப்பில் பெருக்கல் குறிகளைக் கோத்ததுபோல் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன, பாருங்கள். அது லீச்சின் கையெழுத்து. அந்தப் படம் புல்லென்ஸ் ரோடு கேலரி. கூடிசன் ரோட்டுப் பக்கத்தில் லீச் கட்டியதை அகற்றிவிட்டு, 1969க்கும் 1971க்கும் இடையில் மூன்றடுக்கில் எழுப்பியதுதான் மெயின் ஸ்டாண்ட். அதில் இந்தச் சட்டங்கள் கிடையாது. பார்க் எண்டும் 1994இல் மாறியது. அங்கே மட்டும் ஒற்றை அடுக்கு, கேண்டிலீவர் கூரை, தூண் இல்லை. நான்கில் ஆக உணர்ச்சியற்ற பக்கமும் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

மெயின் ஸ்டாண்டும் க்ளாடிஸ் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் இரண்டுக்கும் நடுவே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையைக் கேலரியால் அடைக்கவே முடியவில்லை. ஞாயிறு காலை ஆராதனைக்கு இடைஞ்சல் வராதபடி, அன்றைக்கு ஆட்டத்தைச் சீக்கிரம் தொடங்குவதில்லை என்ற வழக்கமும் இருந்தது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று ஆடுகளத்தின் அடியில் இருக்கிறது. குளிர்காலத்தில் தரை உறைந்து ஆட்டங்கள் ரத்தாவதைத் தடுக்க, 1958இல் சுமார் 16,000 பவுண்டு செலவில் புல்லுக்கு அடியில் ஏறக்குறைய 20 மைல் நீள மின்கம்பியைப் புதைத்தார்கள். இங்கிலாந்தில் இது முதல் முயற்சி. சூடு வேலை செய்தது, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. தகராறு தண்ணீரில் வந்தது. உறைபனியும் வெண்பனியும் உருகிக் கீழே இறங்கிய நீரைப் பழைய வடிகால்களால் வாங்க முடியவில்லை. 1960இல் ஆடுகளத்தையே தோண்டிப் புது வடிகால் போட வேண்டியதாயிற்று. தரைக்கடியில் வெப்பம் என்றால் முதலில் வடிகாலைப் பார் என்ற பாடத்தை மற்றவர்கள் எவர்ட்டன் செலவில் படித்தார்கள். பயிற்சியாளரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் கோட்டோரக் கொட்டகையும் இங்கிலாந்துக்கு இங்கேதான் முதலில் வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்தீன் அணியிடம் பார்த்து, 1931இல் போட்டது.

ஆட்டங்களைப் பற்றிச் சொல்லப்போனால் இடம் போதாது. 1928 மே 5 அன்று ஆர்சனலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து எவர்ட்டன் வீரர் டிக்ஸி டீன் அந்த லீக் சீசனின் 60ஆவது கோலை எட்டியது இங்கேதான். 1980 மார்ச் 1 அன்று, லிவர்பூலுடனான ஆட்டத்தைப் பார்க்க வந்த இடத்தில் அவர் உயிர் பிரிந்ததும் இங்கேதான். 1966 உலகக் கோப்பையில் ஓர் அரையிறுதி உட்பட 5 ஆட்டங்கள் நடந்தன. அவற்றில் ஒன்றில் வட கொரியா 25 நிமிடத்துக்குள் 3-0 என முந்த, யூசேபியோ நான்கு கோல் அடித்து போர்ச்சுகலை 5-3 எனக் கரைசேர்த்தார்.

'இடித்துவிட்டார்கள்' என்ற செய்திக்கு வருகிறேன். எவர்ட்டன் ஆண்கள் அணியின் கடைசி ஆட்டம் 2025 மே 18, சவுத்தாம்ப்டனுக்கு எதிராக, 2-0 வெற்றி. அதன்பின் அவர்கள் மெர்சி நதிக்கரையில் பிராம்லி-மூர் துறைமுகப் பகுதியில் கட்டிய, 52,000க்கும் மேற்பட்டோர் அமரும் புதிய மைதானத்துக்குப் போய்விட்டார்கள். கூடிசனை இடித்துவிட்டு வீடுகளும் பொதுக் கட்டடங்களும் கட்டும் திட்டம் முதலில் இருந்தது உண்மை. கட்டுரையாளர் அந்தப் பழைய செய்தியோடு நின்றிருக்கலாம். 2025 மே மாதமே முடிவு மாறிவிட்டது. 2025-26 சீசன் முதல் அது எவர்ட்டன் பெண்கள் அணியின் சொந்த மைதானம்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று இதே மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் மோதிய பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று, பெண்களுக்கு ஏற்ற விளையாட்டல்ல என்று சொல்லி, தன் உறுப்புக் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதை எஃப்.ஏ. தடைசெய்தது. அந்தத் தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது.

ஆகவே அடுத்த இதழில் படக்குறிப்பையும் அந்த ஒரு வரியையும் திருத்திவிடுங்கள். இங்கிலாந்து செல்லும் வாசகர்கள் பெண்கள் அணியின் ஆட்ட நாளாகப் பார்த்துப் போகலாம். லிவர்பூல் நகர மையத்திலிருந்து மெர்சிரெயில் ரயிலில் கிர்க்டேல் நிலையத்தில் இறங்கினால் மைதானம் நடக்கும் தூரம்தான். டிக்கெட் எடுக்கும்போது, அன்று திறந்திருக்கும் பகுதிகளுக்குள், கீழடுக்கின் பின்வரிசைகளையும் பார்வை மறைப்பு என்று குறித்த சீட்டுகளையும் தவிருங்கள். ஆட்டம் முடிந்து ஸ்டான்லி பூங்காவைக் குறுக்கே கடந்தால், வாடகைத் தகராறில் விட்டுவந்த ஆன்ஃபீல்டு ஒரு மைலுக்குள் வந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி