நாகு விற்ற கதை

ஸ்காபரோ
2025 நவம்பர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா உனக்கென்று சுற்றி வைத்த ரோல்ஸ் பார்சலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். எல்லையில் பறித்துவிடுவார்கள் என்று பயந்து விட்டாயோ, சித்தப்பாவோடு பிடித்த சண்டையில் மறந்து போனாயோ தெரியாது. சண்டைதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ரோல்ஸ் வீணாகவில்லை, அதை நான் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு வாய் திறக்க இடம் கிடைக்கவில்லை. நன்றி நவிலல் விடுமுறைக்கு பொஸ்ரனில் இருந்து வந்த பிள்ளை, எங்கள் ரொறன்ரோ லீஃப்ஸுக்கு எதிரியான அந்த ஊர் ஹொக்கி ரீம் புறூயின்ஸின் தொப்பியோடு வாசலில் நிற்கக் கண்டதும் சித்தப்பா தொடங்கிவிட்டார். "அண்ணை, ராஸ்க் போனான், மின்ரன் போனான், இப்ப இவளும் போட்டாள். பொஸ்ரனுக்கு அனுப்பாத ஆள் இனி ஆர் மிச்சம்?" ராஸ்கும் மின்ரனும் லீஃப்ஸ் பொஸ்ரனுக்குக் கொடுத்துவிட்ட பெடியள். நீ சிரித்துவிட்டு உள்ளே வந்திருக்கலாம். "குடுக்கிறது உங்கட ரீம், வாங்கிறவனில என்ன பிழை?" என்று கேட்டாய். பிறகு நிலவறையில் இரண்டு மணித்தியாலம். மேலே அம்மா கதவை இழுத்துச் சாத்தினது உங்கள் இருவருக்கும் தெரியாது.

வளருகிற பெடியனை ஒரு ரீம் ஏன் கைவிடுகிறது? சித்தப்பாவின் முடிவு, விசர். உன்னுடைய முடிவு, லீஃப்ஸுக்கு மட்டும் உள்ள விசர். நான் நடுவில் கச்சான் உடைத்துக்கொண்டு இருந்தேன். சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

நான் ஹொக்கி பார்க்கத் தொடங்கினதே ஒரு ட்றேட்டின் புண்ணியத்தில்தான். 1992 ஜனவரி 2ஆம் திகதி கல்கரியும் ரொறன்ரோவும் பத்து ஆட்டக்காரரை மாற்றிக்கொண்டன. அதில் வந்தவர் டக் கில்மர். அப்போது நான் டவுன்ரவுனில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஸ்டான்லி கோப்பை என்று ஒன்று இருப்பதை அறிய முதலே ஆயிரக்கணக்கில் கோப்பை கழுவியவன் நான். குசினிக் கதவு திறபடும்போதெல்லாம் பாரில் இருந்த ரிவி ஒரு கீலம் தெரியும். கில்மர் 127 புள்ளி எடுத்த 1992-93 பருவத்தை அந்தக் கீலத்துக்குள்தான் பார்த்தேன். அதனால் ட்றேட் என்றாலே கோபப்படுகிற ஆள் இல்லை நான்.

ராஸ்க் விசயத்துக்கு வருகிறேன். ரீம்கள் முறைவைத்து இளசுகளைத் தெரிவதுதான் டிராஃப்ட், அந்த முறை ஒன்றுக்குப் பெயர் பிக். 2005 டிராஃப்டில் லீஃப்ஸ் 21ஆவதாக எடுத்த பின்லாந்துப் பெடியன். ஒரு வருசம் முடிய முதல், 2006 ஜூன் 24ஆம் திகதி, எங்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் பொஸ்ரனுக்குப் போனான். பதிலுக்கு வந்தவர் அன்ட்ரூ றேக்ரொஃப்ட், 2004இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வாங்கிய கோலி, அதாவது கோல் காப்பவர்.

சித்தப்பா எப்போதும் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். ஜஸ்ரின் போக் என்ற பெயரை அவர் சொல்வதே இல்லை. அந்த நேரம் லீஃப்ஸிடம் இளம் கோலிகள் இரண்டு பேர் இருந்தார்கள். போக், அந்த வருச ஜனவரியில் வன்கூவரில் கனடாவுக்கு உலக ஜூனியர் தங்கம் எடுத்துக் கொடுத்தவன். நாடே ரிவியில் பார்த்தது. அதே போட்டியில் சிறந்த கோலி விருது ராஸ்குக்குத்தான் கிடைத்தது. ஆனால் தங்கம் தொங்கியது போக்கின் கழுத்தில். இரண்டில் ஒன்றை விற்கலாம் என்று வந்தபோது தங்கம் தொங்கிய கழுத்தை வைத்துக்கொண்டார்கள். போக் லீஃப்ஸுக்காக ஆடியது மொத்தம் 7 ஆட்டம். ஆக, இளம் கோலி ஒருவனை வைத்திருக்கவும் செய்தார்கள், பிள்ளை. பிழையானவனை வைத்திருந்தார்கள். விற்ற கதையை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், வைத்திருந்து ஒன்றும் ஆகாமல் போனவனைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிப்பதில்லை.

றேக்ரொஃப்டும் நாங்கள் திட்டுகிற அளவுக்கு மோசமில்லை. முதல் பருவத்தில் 37 வெற்றி, கழகத்தின் சாதனையைச் சமன் செய்தது. அப்படியிருந்தும் கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், பிளேஓஃப், ஒரே ஒரு புள்ளியால் தவறியது. ராஸ்க் அங்கே போய் 2014இல் சிறந்த கோலிக்கான வெசினா விருதே வாங்கினான்.

2013 மே 13 உனக்கு நினைவிருக்கும், உனக்கு அப்போது 20 வயசு. பொஸ்ரனோடு பிளேஓஃபில் முடிவு கட்டுகிற ஏழாவது ஆட்டம், மூன்றாம் பகுதியில் நாங்கள் 4-1. சித்தப்பா கேக் வாங்கக் காரை எடுத்துவிட்டார். பிறகு 4-2. கடைசி 82 செக்கனுக்குள் இரண்டு கோல். மேலதிக நேரத்தில் பொஸ்ரனின் பேர்ஜரொன் அடித்து முடித்தார். ராஸ்கை விற்றதால் வந்த வினை என்று அன்று தொடங்கி இன்றுவரை சித்தப்பா சொல்கிறார். அந்தக் கடைசி இரண்டு கோலும் விழுந்தபோது ராஸ்க் வாங்கில் இருந்தான், அவனுடைய கோல் வெறுமையாக இருந்தது, அவனுக்குப் பதில் ஆறாவது ஆளை இறக்கியிருந்தார்கள். வெறும் கோலுக்குள் ஒரு பக் தள்ள எங்கள் ஆட்களால் முடியவில்லை. அதற்கு 2006இன் ட்றேட் என்ன செய்யும்? சித்தப்பா கேக்கோடு வந்து நின்றது மட்டும் என் கண்ணை விட்டுப் போகாது.

சரி, ஏன் இளசுகளையே கொடுக்கிறார்கள்? வாங்க வருகிறவன் கேட்கிற நாணயம் அதுதான் என்பதால். 2004-05 பருவம் முழுக்க ஆட்டமே இல்லாமல் போய், அடுத்த பருவம் சம்பள வரம்பு வந்தது. ஒரு ரீமுக்கு 39 மில்லியன் டொலர். 2024-25இல் அது 88 மில்லியன். அந்த வரம்புக்குள் நட்சத்திரங்களுக்குக் கொட்டிக் கொடுத்த பிறகு மிச்ச ஆட்களைச் சொற்ப சம்பளத்தில் பிடிக்கவேண்டும். 18 வயசில் டிராஃப்ட் ஆனவன் முதல் மூன்று வருச ஒப்பந்தத்தை மலிவாக ஆடுவான். அதனால் அவன் எல்லோருக்கும் வேணும். மார்ச் மாதம் தோற்றுக்கொண்டிருக்கிற ரீம் ஒன்று தன் நல்ல ஆளை விற்கிறது என்றால், உன்னுடைய முப்பது வயசுக்காரனை அது தூக்கியும் பார்க்காது. பெடியனைத் தா, டிராஃப்ட் பிக்கைத் தா என்றுதான் கேட்கும்.

இனி உனக்கு நான் ஒருநாளும் சொல்லாத கதை ஒன்று.

சித்தப்பா பிறந்தது 1967இல். லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பை எடுத்த வருசம். (இதை அவருக்கு முன்னால் சொல்லிவிடாதே, தன் ராசி என்று தொடங்கிவிடுவார்.) ஊரில் எங்கள் வீட்டில் ஒரு நாகு, இன்னும் கன்று போடாத இளம் பசு, நின்றது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. கன்றாக இருந்த நாளிலிருந்து நான் புல்லுச் செருக்கிப் போட்டு வளர்த்தது. என்னைக் கண்டால் கயிற்றை இழுக்கும். எனக்கு 9 வயசு.

அப்பம்மாவுக்குப் பால் காணாது. சித்தப்பா இரவிரவாகக் கத்துவார், அந்தக் குரல் அப்போதே அவருக்கு இருந்தது. நாகு சினைப்பட்டுக் கன்று போட இன்னும் ஒன்றரை வருசமாவது செல்லும். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்தால் வர, கட்டையில் கயிறு மட்டும் கிடந்தது. ஐயா நாகை விற்று, மேலும் காசு போட்டு, மூன்றாம் ஈத்துக் கறவை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து கட்டினார். எலும்பு தெரிகிற மாடு. நான் அன்று சாப்பிடவில்லை.

நாகை வாங்கினது பின்வளவு வீட்டுக்காரர். அதுதான் கொடுமை. இரண்டு வருசத்தில் அது கன்று போட்டு நேரத்துக்கு நாலு போத்தில் பால் கறந்தது. எங்கள் கறவை அதற்குள் வற்றிவிட்டது. அப்பம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் பின்வளவைப் பார்த்துப் பார்த்து ஐயாவைத் திட்டுவா. ஐயா சுருட்டைப் பற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார். ஒரே ஒரு நாள் மட்டும் சொன்னார்: "நாகு நல்ல நாகுதான். பிள்ளை அப்பவெல்லோ அழுதது."

அழுத பிள்ளைதான் நிலவறையில் நின்று, இளசை விற்கிறவனுக்கு மூளை இல்லை என்று உன்னோடு கத்தினவர்.

அதனால் நான் ஒரு ட்றேட்டைப் பார்க்கும்போது, போன நாகு பிறகு எவ்வளவு கறந்தது என்று முதலில் பார்ப்பதில்லை. அன்று வீட்டில் பிள்ளை அழுததா என்று பார்க்கிறேன். 1988 மார்ச் 7ஆம் திகதி கல்கரி, பிறெட் ஹல் என்ற 23 வயசுப் பெடியனை சென்ற் லூயிஸுக்குக் கொடுத்து, றொப் றாமேஜ் என்ற பின்கள ஆட்டக்காரரையும் றிக் வொம்ஸ்லி என்ற கோலியையும் எடுத்தது. ஹல் 1990-91இல் ஒரே பருவத்தில் 86 கோல் அடித்தான். நாலு போத்தில் என்ன, நாற்பது போத்தில்! ஆனால் கல்கரி 1989இல் கோப்பை எடுத்துவிட்டது. அந்த ஊரின் ஒரே கோப்பை அதுதான். இந்த வருசம் புளோரிடா, ஸ்பென்சர் நைற் என்ற இளம் கோலியை சிக்காகோவுக்குக் கொடுத்து செத் ஜோன்ஸை வாங்கியது. மே மாதம் எங்கள் வீட்டு மண்ணில் நடந்த ஏழாவது ஆட்டத்தில் முதல் கோல் அடித்தது அதே ஜோன்ஸ்தான். 6-1. ஜூனில் கோப்பையும் அவர்களுக்கு. புளோரிடாவில் ஒருவரும் நைற்றுக்காக அழுவதாகத் தெரியவில்லை.

அதே கணக்கில், மின்ரனைக் கொடுத்ததை என்னால் திட்ட முடியவில்லை. அதுவும் மார்ச் 7ஆம் திகதிதான், 2025. மின்ரனும் முதல் சுற்று பிக் ஒன்றும் நாலாம் சுற்று பிக் ஒன்றும் போக, பொஸ்ரனின் பின்கள ஆட்டக்காரர் பிறான்டன் கார்லோ வந்தார். அந்தக் கோடையோடு எங்கள் நட்சத்திரங்களான மார்னரின் ஒப்பந்தமும் தவாரஸின் ஒப்பந்தமும் முடிகிற வருசம் அது. பிள்ளை வீடு அதிரக் கத்திக்கொண்டிருந்தது. ஒட்டாவாவை ஆறு ஆட்டத்தில் வென்றோம், புளோரிடாவோடு ஏழு வரை போனோம், பால் காணவில்லை. மார்னர் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டான். மாடு வற்றினது வாங்கினவனின் குற்றமா என்ன?

2006 அப்படி இல்லை. அந்த ரீம் பிளேஓஃபுக்கே போகாத ரீம், அணித்தலைவர் சண்டின் முப்பதைத் தாண்டி ஐந்து வருசம். கோப்பைக்குக் கிட்ட ஒருவரும் இல்லை. அன்று அழுதது பிள்ளை இல்லை, ஜெனரல் மனேஜரின் கதிரை என்றுதான் எனக்குப் படுகிறது. 2008 ஜனவரியில் அந்தக் கதிரையும் போனது. 19 வயசுக் கோலியின் வளர்ச்சிக்கு ஐந்து வருசம் வேணும், அவரைப் போன்றவர்களுக்கு இரண்டு வருசமும் கிடைப்பதில்லை. பெடியனின் காலமும் மனேஜரின் காலமும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. சித்தப்பா விசர் என்று சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

நீயும் பெருமை அடிக்காதே. உன் பொஸ்ரன்காரர் செய்ததைச் சொல்லட்டோ? 2009இல் கெஸல் என்ற ஆட்டக்காரரைத் தந்து எங்களிடம் வாங்கிய பிக்குகளில் ரைலர் செகினையும் டகி ஹமில்ரனையும் எடுத்தார்கள். நாங்கள் அதற்கே வயிறு எரிந்தோம். பிறகு செகினை 21 வயசில் டலஸுக்கு அனுப்பினார்கள், போன கையோடு அவன் 37 கோல் அடித்தான். ஹமில்ரனை 2015இல் மூன்று பிக்குக்குக் கல்கரிக்குக் கொடுத்தார்கள். அதில் முதல் பிக்கில், 15ஆவதாக, சேனிஷின் என்ற பெடியனை எடுக்க, 16ஆவதாக, பிறகு நட்சத்திரமான மத்யூ பார்ஸல் வேறு ரீமுக்குப் போனான். எல்லா வேலியிலும் பொட்டு இருக்கு, மகள்.

பொஸ்ரனின் மார்ஷன்டைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். பொஸ்ரன் சட்டையில் நாலு தரம் ஏழாவது ஆட்டத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பினவர், மின்ரன் போன அதே நாள் புளோரிடாவுக்கு விற்கப்பட்டு, ஐந்தாம் தரமும் வந்து அனுப்பினார். 37 வயசில். இதற்கு என்னிடம் ஒரு விளக்கமும் இல்லை.

இங்கே முதல் ஸ்னோ விழுந்துவிட்டது. முழங்கால் நோவால் இந்த முறை தள்ள ஆள் பிடித்திருக்கிறேன், அம்மா சொல்லி உனக்குத் தெரிந்திருக்கும். உன் ஆய்வுகூடத்தில் இரவு வேலை குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு.

ஒரு உதவி. உன் வேலை இடத்திலிருந்து மைதானம் பத்து நிமிச நடை என்றாய். ஒரு நாள் மலிவாக ரிக்கெற் கிடைத்தால் போய் அந்த மின்ரனை வடிவாகப் பார். பக் இல்லாத நேரம் எங்கே நிற்கிறான், திரும்பி ஓடி வருகிறானா என்று பார்த்து எழுது. ரிவியில் அது தெரியாது. சித்தப்பாவுக்குச் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா

ரோல்ஸ் திரும்பவும் செய்து ஃப்றீசரில் வைத்திருக்கிறா. தொப்பியைக் காருக்குள் விட்டுவிட்டு வா.