இரவு வெப்பத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். வெப்ப அலை பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். பருவநிலை மாற்றத்தை உடல்நலத்தோடு சேர்த்துப் பேசியதற்கு நன்றி. ஆனால் அதில் முழுக்கப் பகல் வெயில்தான் இருந்தது, இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பகலில் சூடேறிய உடம்பு ஆறுவது இரவில்தான். காற்றில் ஈரப்பதம் கூடி, வியர்வை உலராமல், இரவும் புழுங்கினால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஓய்வே கிடையாது. 2003இல் ஐரோப்பாவில் 70,000க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட வெப்ப அலையில் இரவுகளும் தணியவில்லை, இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

என் அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். ஒரு கோடையில் நாலைந்து இரவு சரியாகத் தூங்காமல் இருந்து, விடியற்காலை கழிவறைக்குப் போனவர் கதவைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார், நாக்கு காய்ந்து ஒட்டியிருந்தது, அத்தனை நாளும் அவர் வெயிலில் காலே வைக்கவில்லை. அந்த மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் வெளியேற்றும் வகை, வெப்ப நாட்களில் கவனமாக இருக்க வேண்டும் என்று அப்புறம்தான் மருத்துவர் சொன்னார். ஆகவே, வானிலைப் பகுதியில் இரவு வெப்பநிலையையும் பகல் அளவுக்கே பெரிதாகப் போடுங்கள். கூடவே, தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தாமல், கோடைக்கு முன் ஒருமுறை மருத்துவரிடம் மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லி இரண்டு வரி வெளியிடுங்கள்.